பன்னீர் என்று பெயரிட்டவர்கள்

ஒயினைச் சுவைத்துத் தேர்ந்தெடுப்பது நாவின் வேலை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதில் பாதி வேலை சொல்லுடையது. ஒரு கோப்பையில் உணர்ந்ததை அடுத்த கோப்பையில் உணர்ந்ததோடு ஒப்பிட வேண்டுமானால், முதலில் உணர்ந்தது நினைவில் நிற்க வேண்டும். நினைவில் நிற்க அதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் பிறர் மொழியில் மட்டுமே கிடைக்கிறது என்றால், தேர்வும் பிறர் தேர்வாகவே முடியும்.

கேரளத்தின் தமிழ் எல்லைப்புறத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பாலக்காட்டில் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய பகுதிகளிலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் வாழ்கின்றன. ஒரு பக்கம் கள் இறக்கும் தென்னந்தோப்புகள். மறுபக்கம் தேயிலையும் ஏலமும் விளையும் மலைகள். மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள். சுவையையும் மணத்தையும் தரம் பிரித்தே பிழைப்பு நடத்துகிற மக்கள் இவர்கள். ஆயினும் சுற்றுலா விடுதியின் ஒயின் பட்டியலை விரிக்கும்போது, நுரைக்கும் ஒயின், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று தலைப்புகளுக்குக் கீழே உள்ள வருணனைகளில் ஒன்றுகூட இவர்கள் உண்டு வளர்ந்த பொருள்களைச் சுட்டுவதில்லை. இத்தாலிய ஒயினையோ இத்தாலிய முறையில் இந்தியாவில் செய்த ஒயினையோ சுவைத்துத் தேர்வதற்குத் தமிழில் சொல் இல்லை என்ற எண்ணம் படித்தவரிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. சில இடங்களில் தமிழின் சொற்பகுப்பு ஆங்கிலத்தினும் கூர்மையானது.

இத்தாலிய ஒயின் இந்த மண்ணுக்குப் புதியதும் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரையக் கடல் பெரிப்புளூசு’ என்னும் கிரேக்க நூல், முசிறிக்கு இறக்குமதியான பொருள்களில் ஒயினைச் சேர்க்கிறது; அளவு அதிகமில்லை என்றும் குறிக்கிறது. வடக்கே பாருகச்சத் துறையில் இத்தாலிய ஒயினே முதன்மையாக விரும்பப்பட்டது என்பதும் அந்நூல் தரும் செய்தி. கேரள வரலாற்று ஆய்வு மன்றம் 2007 முதல் பட்டணத்தில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடிச் சில்லுகள் பெருமளவில் கிடைத்தன. வெசூவியசு எரிமலையின் கருமணல் கலந்த களிமண்ணால் ஆன கம்பானியச் சாடிகளும் அவற்றுள் உண்டு. மேலைக்கடற்கரையிலிருந்து கொங்குநாட்டுக்குச் சரக்குகள் சென்ற இயல்பான வழி பாலக்காட்டுக் கணவாய். ஆகவே இத்தாலியச் சாடியும் இந்த எல்லைப்புறமும் ஒன்றையொன்று அறிந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

அக்காலத் தமிழ் அந்தப் பானத்தைப் பெயரற்றதாக விட்டுவிடவில்லை. யவனர் நற்கலத்தில் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. ‘தேறு’ என்பதற்குத் தெளிதல் என்று பொருள். தேறல் என்பது தெளிந்த மது. ‘நறவு’ என்ற சொல்லில் மணம் இருக்கிறது. ‘பிழி’ என்பதில் பிழிந்தெடுத்த செயல் இருக்கிறது. ‘தோப்பி’ நெல்லிலிருந்து இல்லத்தில் ஆக்கிய மதுவைக் குறித்தது. தெளிவு, மணம், செய்முறை, மூலப்பொருள் என்று இன்றைய ஒயின் கல்வி முதல் வாரத்தில் கற்பிக்கும் நான்கு அளவைகளும் சங்கச் சொற்களுக்குள் அடங்கிவிட்டன. பிற்காலத்தில் இவையனைத்தும் ‘மது’, ‘சாராயம்’, ‘சரக்கு’ என்ற ஒருசில சொற்களுக்குள் சுருங்கின. பானத்தின்மேல் படிந்த இழிவு சொற்களின்மேலும் படிந்தது. மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ கெட்ட வாடையைக் குறிக்கும் சொல்லாக இறங்கியதை மொழியியல் மாணவர் அனைவரும் அறிவர். சுவைச்சொற்களின் சரிவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஒயின் வருணனைச் சொற்கள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்ற கேள்வியை மொழியியலே முன்னெடுத்தது. அத்ரியன் லேரர் என்னும் மொழியியலாளர் 1983இல் வெளியிட்ட ‘ஒயினும் உரையாடலும்’ என்ற நூலில், ஒருவர் தந்த வருணனையைக் கொண்டு மற்றொருவர் அதே ஒயினை அடையாளம் காண்பது எத்துணைக் கடினம் என்பதைச் சோதனைகளால் காட்டினார். மறு ஆண்டில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் மணச்சக்கரத்தை வெளியிட்டார். ‘நேர்த்தியானது’, ‘கம்பீரமானது’ போன்ற பொத்தாம்பொதுச் சொற்களை விலக்கி, சுட்டிக்காட்டக்கூடிய பொருள்களின் மணத்தை அளவுகோலாக்கியது அதன் பயன். ஆனால் அச்சக்கரத்தில் உள்ள பொருள்கள் கலிபோர்னியச் சந்தையில் கிடைப்பவை. சக்கரத்தின் கொள்கை உலகப் பொது. அதன் பட்டியல் உள்ளூருக்குரியது. அதை மொழிபெயர்க்கப் புகுந்தவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு கொள்கையைத் தவறவிட்டார்கள்.

2001இல் பிரான்சின் போர்தோவில் நடந்த ஒரு சோதனை இன்னும் கூரியது. ஒயினியல் மாணவர் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து தரப்பட்டது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். மூக்கு முகர்வதற்கு முன்பே கண் சொற்களைத் தேர்ந்துவிட்டது. பட்டியலிலிருந்து கற்ற சொல் உணர்வைப் பதிவு செய்வதில்லை, எதிர்பார்ப்பைத்தான் பதிவு செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மனிதருக்கு மணத்தைப் பெயரிடும் திறனே குறைவு என்ற கருத்தும் 2014இல் ஆட்டம் கண்டது. மலாய்த் தீபகற்பத்தின் சகாய் மொழி பேசும் வேட்டுவக் குடியினர், நிறங்களுக்குப் பெயர் சொல்வது போலவே எளிதாக மணங்களுக்கும் பெயர் சொல்வதை ஆசிபா மசீதும் நிக்லசு புரென்குல்ட்டும் நிறுவினர். ஆங்கிலம் பேசுவோர் அதே மணங்களுக்கு முன் தடுமாறினர். ஆகவே குறை மூக்கில் இல்லை. பழக்கத்திலும் மொழியிலும் இருக்கிறது. தமிழிலும் பொருளைச் சுட்டாமல் மணத்தின் தன்மையையே சுட்டும் சொற்கள் உண்டு. மீனையும் முட்டையையும் பச்சை இறைச்சியையும் ஒன்றாக வகைப்படுத்தும் ‘கவிச்சி’, பழகிய எண்ணெயின் ‘சிக்கு’, கெட்ட புலாலின் ‘முடை’ ஆகியவை அத்தகையன. பழுதடைந்த ஒயினை இனங்காண்பதற்கு ‘காடி’, ‘பூஞ்சை வாடை’ என்ற இரண்டு சொற்களே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். முன்னது அசிட்டிக் அமிலம் மிகுந்ததைக் காட்டும். தக்கையிலிருந்து ஏறிய கேட்டைப் பின்னது காட்டும்.

சிவப்பு ஒயினில் தமிழின் வலிமை வெளிப்படையாகத் தெரிகிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின், உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து, வாயின் வழவழப்பைக் குறைத்துவிடுகிறது. நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு உண்டாகிறது. மேலைப் புலனறிவியல் இதை அடிப்படைச் சுவைகளுள் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. தொடுவுணர்வு என்று ஒதுக்குகிறது. அன்றாட ஆங்கிலத்தில் குழந்தையும் அறிந்த தனிச்சொல் இதற்கு இல்லை. தமிழில் ‘துவர்ப்பு’ அறுசுவைகளுள் ஒன்று. வாழைப்பூ, பாக்கு, நாவற்பழம், கடுக்காய் என்று எடுத்துக்காட்டுகளோடு தொடக்கப்பள்ளியிலேயே கற்ற சொல். கார்ப்பும் துவர்ப்பும் நாவின் சுவையரும்பால் அறியப்படுபவை அல்ல என்று உடலியலார் சொல்வது சரியே. எனினும் அறுசுவைப் பகுப்பு வாயில் நிகழும் அனுபவத்தின் பகுப்பு. ஒயினைத் தேர்பவருக்குத் தேவைப்படுவதும் அதுவே.

ஆங்கிலத்தில் இனிப்பில்லாத ஒயினை ‘டிரை’ என்பர். வாயை உலர்த்துவது போன்ற டானின் உணர்வையும் புதிதாகச் சுவைப்போர் அதே சொல்லால் குறித்துக் குழம்புகின்றனர். ஒன்று சர்க்கரை இல்லாமை; மற்றொன்று டானின் இருப்பது. இரண்டும் வெவ்வேறு. தமிழில் ‘இனிப்பற்றது’, ‘துவர்ப்புடையது’ என்று பிரித்துச் சொல்பவருக்கு இக்குழப்பம் எழ வாய்ப்பே இல்லை. ‘டிரை’யை ‘உலர் ஒயின்’ என்று மொழிபெயர்த்ததன் மூலம் ஆங்கிலத்தின் குழப்பம் வலிந்து தமிழுக்குள் இறக்குமதியானது.

துவர்ப்பை அளவுகோலாகக் கொண்டால் இத்தாலியச் சிவப்பு ஒயின்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். பியமோந்தேயின் நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ, வெளிர்நிறம் கொண்டிருந்தும் கடுந்துவர்ப்பு உடையது; அதனால்தான் குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்த பிறகே விற்க வேண்டும் என்பது சட்டம். தசுக்கனியின் சாஞ்சொவேசே நடுத்தரத் துவர்ப்பும் மிகுந்த புளிப்பும் உடையது. கியாந்தி கிளாசிக்கோவில் அத்திராட்சை குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும். பார்பேரா திராட்சையில் துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். இவற்றை நினைவில் வைக்க மூணாற்றுக்காரருக்குப் புதிய பாடநூல் தேவையில்லை. பால் சேர்க்காத கட்டன் சாயாவை இரண்டு நிமிடம் ஊறிய பதத்திலும் எட்டு நிமிடம் ஊறிய பதத்திலும் அடுத்தடுத்துப் பருகினால் போதும். நிறம், புளிப்பு, மணம் ஆகியவற்றிலிருந்து துவர்ப்பைத் தனியே பிரித்தறிய அதைவிட நல்ல பயிற்சி எங்கும் இல்லை. இத்தாலிய முறைச் சிவப்பு ஒயினை இந்திய விலையில் பழகிப் பார்க்க விரும்புவோருக்கு, மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் அக்லூசில் இத்தாலியப் பங்காளிகளோடு தொடங்கப்பட்ட பிராதெல்லி நிறுவனத்தின் சாஞ்சொவேசே ஒரு வழி. இறக்குமதி ஒயின்களின்மேல் நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்கவரி இருந்ததால், இந்தியச் சந்தையின் விலைக்கும் தரத்திற்கும் தொடர்பு காண்பது கடினமாகவே இருந்துவந்தது. விலைச்சீட்டைப் பார்த்துத் தேர்பவரைக் காட்டிலும் நாவையும் சொல்லையும் நம்பித் தேர்பவருக்கே ஏமாற்றம் குறையும்.

வெள்ளை ஒயினில் முதன்மை புளிப்பு. சொவாவே, காவி, வெர்மெந்தினோ, பினோ கிரீசோ ஆகிய இத்தாலிய வெள்ளை ஒயின்களைப் பற்றி எழுதுவோர் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பாதாம் என்று அடுக்குவர். எல்லைப்புறத்துச் சமையலறை புளிப்பை இன்னும் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு உடனே பாய்ந்து உடனே மறையும். மாங்காயின் புளிப்பில் பசுமை உண்டு. பழம்புளியின் புளிப்பு கனமானது. குடம்புளியின் புளிப்பில் புகைமணம் ஏறியிருக்கும். மோரின் புளிப்பு மென்மையானது. கடைசியாகச் சொன்னதற்கும் ஒயினுக்கும் வேதியியல் உறவே உண்டு: திராட்சையின் கூர்மையான மாலிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் செயல் பல ஒயின்களில் நிகழ்கிறது, மோரின் புளிப்புக்குக் காரணமானதும் லாக்டிக் அமிலமே. ‘மாங்காய்ப் புளிப்பு மோர்ப் புளிப்பாக மாறியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு செய்முறையையே சரியாக விவரித்தவராகிறார். குடம்புளி இட்ட மீன்கறியோடு பருகும் ஒயினில் புளிப்பு கறியினும் குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்பதும் இந்தப் பகுப்பிலிருந்து தானே பெறப்படும் விதி.

மொழிபெயர்ப்பு செய்யும் கேட்டுக்கும் வெள்ளை ஒயினிலேயே நல்ல சான்று கிடைக்கிறது. சொவிஞோன் பிளாங் என்னும் திராட்சையின் ஒயினை ஆங்கில நூல்கள் ‘கூசுபெரி’ மணமுடையது என்கின்றன. அகராதியைத் திறப்பவர் அதை ‘நெல்லிக்காய்’ என்று எழுதிவிடுகிறார். ஐரோப்பியக் கூசுபெரி வேறு தாவரம். மலைநெல்லி வேறு தாவரம். முன்னதில் பசுமை மணமும் புளிப்பும் உண்டு. பின்னதில் துவர்ப்பு ஓங்கி நிற்கும். தண்ணீர் குடித்தால் இனிக்கும். நெல்லிக்காயை எதிர்பார்த்து அந்த ஒயினைப் பருகும் மாணவர் அதைக் காணாமல், குறை தம் நாவில்தான் என்று முடிவு செய்கிறார். உண்மையில் குறை அகராதியில். விருந்தோம்பல் கல்வி கற்கும் தமிழ், மலையாள மாணவர்கள் ஒருபோதும் முகர்ந்திராத பழங்களின் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதும், தாம் உண்மையில் உணர்ந்த நாவல், கொய்யா, ஏலம், தாழம்பூ ஆகியவற்றை எழுதத் தயங்குவதும் இந்தக் கேட்டின் விளைவுகளே.

நுரைக்கும் ஒயினில் மொழி வைக்கும் பொறி வேறு வகையானது. வெனெத்தோ, பிரியூலி பகுதிகளின் புரொசெக்கோ, குறைந்தது 85 விழுக்காடு கிளேரா திராட்சையில் பெரும்பாலும் அழுத்தத் தொட்டிகளில் இரண்டாம் முறை நொதிக்க வைத்து ஆக்கப்படுவது. புட்டியின்மேல் ‘புரூட்’ என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. ‘எக்சுட்ரா டிரை’ என்றிருந்தால் 12 முதல் 17 கிராம். வெறும் ‘டிரை’ என்றிருந்தால் 17 முதல் 32 கிராம். ‘மிக உலர்ந்தது’ என்று பொருள்படும் சொல்லைத் தாங்கிய புட்டி, அச்சொல் இல்லாத புரூட்டைவிட இனிப்பானது. அடையாளச் சீட்டை மொழிபெயர்த்துப் படிப்பவர் ஏமாறுவது உறுதி. எண்ணைப் படிப்பவர் ஏமாறமாட்டார். அழுத்தத்திற்கும் இரு சொற்கள் உண்டு: இலேசாக நுரைப்பது பிரிட்சாந்தே, வலிமையாக நுரைப்பது ஸ்பூமாந்தே. நுரை நாவில் ‘குறுகுறுக்கிறதா’, ‘சுருக்கென்று குத்துகிறதா’ என்று கேட்டால் இவ்வேறுபாட்டைச் சித்தூர்க்காரர் எவரும் பிரித்தறிவர்.

சித்தூர்க்காரருக்கு அந்தத் திறன் வந்தது கள்ளிலிருந்து. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் செல்வது சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான். கள் இறங்கிய நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கும் பானம். மணிக்கு மணி இனிப்பு குறைந்து, நுரை ஏறி, பின் புளித்து, இறுதியில் காடியாகும். மதுரக்கள், அந்திக்கள், மூத்தகள் என்று மலையாளம் அதன் நிலைகளைப் பெயரிட்டு வைத்திருக்கிறது. இத்தாலியில் ‘கொல் ஃபோந்தோ’ என்றொரு புரொசெக்கோ வகை உண்டு. ‘அடிமண்டியோடு’ என்பது அதன் பொருள். புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதித்து, ஈசுட்டு மண்டி வடிக்கப்படாமல், கலங்கலாக, இலேசான நுரையோடு பருகப்படுவது. உலகின் பெருநகரங்களில் அதை இயற்கையானது, நாட்டுப்புறத் தன்மை மாறாதது என்று புகழ்கிறார்கள். அதே கலங்கலும் அதே நுரையும் கள்ளில் இருந்தால் தாழ்ந்தது என்கிறார்கள். இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையே உள்ள தொலைவை வேதியியலால் அளக்க முடியாது. குடிப்பவர் எந்தச் சாதி, எந்த வகுப்பு, பெயரிட்ட மொழி எது என்பவையே அத்தொலைவை உண்டாக்குகின்றன.

ஒயினை எந்த வெப்பநிலையில் பருகுவது என்ற எளிய அறிவுரையிலும் இடம் சார்ந்த பொருள் மறைந்திருக்கிறது. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பருக வேண்டும் என்று நூல்கள் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீட்டு அறை. ஏறத்தாழ 16 முதல் 18 பாகை. கோடையில் 40 பாகையை நெருங்கும் பாலக்காட்டில் அச்சொல்லை நம்பிப் பருகினால் ஆல்ககாலின் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றில் குளிர்கால மாலையில் அதே சொல் ஓரளவு சரியாகவே பொருந்தும். ‘இங்கே’, ‘இப்போது’ என்ற சுட்டுச்சொற்கள் பேசுபவரின் இடத்தைப் பொறுத்துப் பொருள் தருவது போலவே ‘அறை வெப்பநிலை’யும் தருகிறது. சுட்டை மொழிபெயர்ப்பவர் இடத்தையும் மொழிபெயர்க்க வேண்டும்: நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 பாகை, வெள்ளைக்கு 8 முதல் 12, சிவப்புக்கு 16 முதல் 18. பாலக்காட்டில் சிவப்பு ஒயினையும் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பதே சரியான மொழிபெயர்ப்பு.

இனி, மலைக்குக் கீழே. இடுக்கியில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கவழியே கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நனைக்கிறது. அந்நீரில் விளையும் கருந்திராட்சைக்கு உலக ஒயினியல் தந்த பெயர் மசுக்கட் ஆம்பர்க். தமிழ் உழவர் வழங்கும் பெயர் பன்னீர் திராட்சை. மரபணு ஆய்வின்படி அதன் பெற்றோர் இருவர்: அலெக்சாந்திரிய மசுக்கட், சியாவா குரோசா. பின்னது இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியோடு தொடர்புடைய திராட்சை. முன்னதன் பெற்றோருள் ஒன்று வெள்ளை மசுக்கட். இத்தாலியர் மொசுக்காத்தோ பியாங்கோ என்று அழைப்பதும், ஆசுத்தி நுரைமதுவும் மென்மையான மொசுக்காத்தோ தாசுத்தியும் செய்யப்படுவதும் அதிலிருந்தே. கம்பத்துப் பந்தலில் தொங்கும் குலை, பியமோந்தேயின் புகழ்பெற்ற திராட்சைக்குப் பேத்தி முறை.

பெயர்தான் இதில் பெரிய செய்தி. மசுக்கட் குடும்பத்துக்கே உரிய மணத்துக்குக் காரணம் லினலூல், செரானியால், நெரால் போன்ற டெர்ப்பீன்கள். செரானியால் ரோசா எண்ணெயின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. பன்னீர் என்பது ரோசா இதழில் வடித்த நீர். ஆய்வுக்கூடம் வாயுப்பகுப்புக் கருவியால் கண்டதை, ‘பன்னீர்’ என்ற ஒரு சொல் கருவி எதுவுமின்றிக் குறித்துவிட்டது. ஆன் நோபிள் வலியுறுத்திய கொள்கை அதுவேதான்: சுட்டிக்காட்டக்கூடிய, கேட்பவர் அறிந்த ஒரு பொருளின் மணத்தால் பெயரிடுவது. மணவறையில் தெளிக்கப்பட்ட பன்னீரை அறியாத தமிழர் யார்? ஒரு மொசுக்காத்தோ தாசுத்தியை முகர்ந்து, ‘பன்னீர் திராட்சையின் மணம், இனிப்பு, இலேசான நுரை, துவர்ப்பு இல்லை, ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்ககால், காரமான உணவுக்குப் பொருந்தும்’ என்று ஒருவர் எழுதினால், அவ்வருணனையில் மிகையும் இல்லை, குறையும் இல்லை. அதைப் படித்தவர் கடையில் அந்தப் புட்டியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ள முடியும்.

இதற்கு எழும் மறுப்புகளுள் வலிமையானது மதுவின் தீமை பற்றியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடியால் இழந்தவற்றை அறிந்த எவரும் அதை எளிதாகக் கடந்து போக முடியாது. பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது. கேரளத்தில் 23 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். குடிக்காதவர் குடிக்கத் தொடங்க இங்கு எந்தக் காரணமும் காட்டப்படவில்லை. ஆனால் பானத்துக்குச் சொல் இல்லாமற் போவதால் குடி குறைந்ததாக எந்த வரலாறும் இல்லை. சொல் அழிந்தபோது அழிந்தது தரம் பிரிக்கும் திறனே. கலப்படக் கள்ளை நாவால் பிடித்து ‘இது மரத்திலிருந்து வந்ததன்று’ என்று மறுக்கத் தெரிந்தவருக்கு அவ்வறிவு உயிர்காப்பு. சுவையைப் பற்றிப் பேசத் தெரியாத சமூகத்தில் போதை ஒன்றே பானத்தின் அளவுகோலாக எஞ்சுகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசுக் கடையில் விற்கும் வடிமதுவுக்குத் தடை இல்லை. அந்தத் தேர்வில் சுவைக்கு இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

மற்றொரு மறுப்பு, ஒயின் உலகச் சரக்கு, ஆகவே அதன் சொற்களும் உலகப் பொதுவாக இருக்கட்டும் என்பது. இத்தாலியே இதற்கு விடை. 1963 முதல் சட்டத்தால் காக்கப்படும் அந்நாட்டின் பிறப்பிடப் பெயர்கள் ஊர்ப்பெயர்கள். திராட்சைப் பெயர்கள் வட்டார மொழிச்சொற்கள். அவற்றை எவரும் ஆங்கிலமாக்கவில்லை. உலகம் அவற்றைக் கற்றுக்கொண்டது. ‘ஒயின்’, ‘டானின்’, ‘ஈசுட்டு’ போன்ற கடன்சொற்களைத் தமிழ் தயக்கமின்றி வைத்துக்கொள்ளலாம்; பொருளைக் கடன் வாங்கும்போது பெயரும் வருவது இயல்பு. நாவின் அனுபவமோ கடனாக வந்ததன்று. அதற்குரிய சொல்லைக் கடன் வாங்குவது, தன் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கேட்பது போன்றது.

செய்யத்தக்க பணி பெரிதன்று. சித்தூரின் கள் இறக்குவோர், கள்ளுக்கடைச் சமையற்காரர், மூணாற்றின் தேயிலைத் தொழிலாளப் பெண்கள், வண்டன்மேட்டின் ஏல வணிகர், கம்பத்தின் திராட்சை உழவர் ஆகியோர் சுவைக்கும் மணத்துக்கும் வழங்கும் சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் திரட்ட வேண்டும். மலையாளத்தின் ‘சவர்ப்பு’ம் தமிழின் ‘துவர்ப்பு’ம் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. பின்னர் லேரர் செய்த சோதனையையே இங்கும் செய்யலாம்: ஒருவர் தமிழில் எழுதிய வருணனையைக் கொண்டு மற்றொருவர் அதே ஒயினை அடையாளம் காண்கிறாரா? அதே மக்கள் ஆங்கிலப் பட்டியற்சொற்களைக் கொண்டு செய்யும்போது வெற்றி கூடுகிறதா, குறைகிறதா? வருணனைச் சொல்லின் தகுதியை அளக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. தமிழ்த்துறையுள்ள சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்கு இத்தகைய பணி கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. வேளாண் விளைபொருள்களிலிருந்து சிறு அளவில் ஒயின் ஆக்க உரிமம் வழங்கும் விதிகளைக் கேரள அரசு 2022இல் கொண்டுவந்துவிட்டது. எல்லைப்புறத்துப் பழங்கள் புட்டியில் ஏறும் நாள் வரும்போது, அப்புட்டியின் சீட்டில் எந்த மொழியின் சுவைச்சொல் இருக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணுவது பல்கலைக்கழகங்களின் கடமை.

வழி ஏற்கெனவே காட்டப்பட்டும் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் பதிவான பெயர் மசுக்கட் ஆம்பர்க் அன்று. ‘கம்பம் பன்னீர் திராட்சை’. உழவர் மூக்கால் அறிந்து நாவால் வழங்கிய ஒரு சுவைக்குறிப்பு, மாற்றமின்றி அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது.